பூட்டறிந்து திறவுகோல்

திறவுகோல் எத்துணை அழகியதாயினும், பூட்டினுள் நுழையாவிடின் அது வெறும் இரும்புத் துண்டே. 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத் தொழிலையுடைய நம் திண்டுக்கல்லில் இதனைச் சிறுவரும் அறிவர். ஆயினும், கணினி வாங்கும்போது பெரியோரும் இதனை மறந்துவிடுகின்றனர்.

அண்மையில் இவ்வூர்ப் புறத்தேயுள்ள நூற்பாலை ஒன்றிற்குச் சென்றிருந்தோம். நூலின் சீரை அளக்கும் பழைய கருவியொன்று அங்கே துணி போர்த்திக் கிடந்தது. கருவியிற் பழுதில்லை, அதனை இயக்கிய கணினியின் தாய்ப்பலகையே பழுது. அதற்கு மாற்றாக மிக்க விரைவுடைய செயலியோடு கூடிய புதுக் கணினி வாங்கியிருந்தனர். கருவிக்குரிய அட்டையைச் செருகவோ அதில் இடமில்லை!

செயலிக்கும் அட்டைக்கும் இடையே செய்தி செல்லும் பாட்டையைப் பஸ் என்பர். அவ்வட்டை ஐ.எஸ்.ஏ. என்னும் பழைய பஸ்ஸுக்கு உரியது. அது 1981-இல் ஐ.பி.எம். கணினியுடன் 8 பிட் அகலத்திற் பிறந்து, 1984-இல் 16 பிட்டாக விரிந்தது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் மைக்ரோ சானல் என்னும் புதிய பஸ்ஸைக் கொணர்ந்தனர். அது விரைவிற் சிறந்ததே. ஆனாற் பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. மறு ஆண்டே காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டையையும் ஏற்கும் ஈ.ஐ.எஸ்.ஏ. முறையை வகுத்தன. கைப்பொருளை வீணாக்க ஒருவரும் விரும்பார் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பின்வந்த பி.சி.ஐ., பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பவற்றிலோ ஐ.எஸ்.ஏ. அட்டை நுழையாது.

ஆதலின், இத்தகைய தனித்தொழிற் கணினிக்கு முதற்கண் பஸ்ஸையும், அதன்பின்னரே செயலியையும் தெரிதல் வேண்டும் என்பது நம் துணிபு. ஐ.எஸ்.ஏ. துளையுடைய தொழிற்சாலைத் தாய்ப்பலகைகளைச் செய்து விற்போர் இன்றும் உளர். ஆனால் துளையைக் கண்ட அளவில் மயங்கலாகாது. இக்காலப் பலகைகளில் ஓர் இடைச்சில்லே புதிய பாட்டையைப் பழையதாக மாற்றித் தருகின்றது. செயலியின் துணையின்றி நினைவகத்தோடு நேரே பேசும் டி.எம்.ஏ. முறையைச் சில இடைச்சில்லுகள் முற்றும் தாரா. அம்முறையை நம்பிய அட்டை அவற்றில் ஊமையாய் நிற்கும். இதனைக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுத்தல் முறை.

நிற்க. செயலி எத்தகையதாயிருத்தல் வேண்டும்? மிக்க விரைவு ஈண்டு நன்மையன்று. பழைய நிரல்களுட் சில, செயலியின் விரைவையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. விரைவு மிகின் அவை நிலை தடுமாறும். மேலும், பஞ்சுத் தூசி பறக்கும் ஆலையில் மின்விசிறி விரைவில் அடைபட்டுப்போம், செயலி வெம்மையுறும். குறைந்த மின்சாரம் உண்டு, விசிறியின்றியே குளிர்ந்து நிற்கும் எளிய செயலியே அவ்விடத்திற்கு ஏற்றது.

“பழையதை எறிந்து புதியது வாங்குக” என்பாரும் உளர். நல்ல கருவியை ஓர் அட்டைக்கு இடமின்மையால் எறிதல், சாவி தொலைந்ததென்று கதவையே பெயர்த்தெறிதலை ஒக்கும். பெருஞ்செல்வர்க்கு அது இயலும். சிற்றாலை நடத்துவோர்க்கும், அதனை நம்பிக் கூலி பெறுவோர்க்கும் இயலுமோ?

எனவே, கணினி வாங்கப் புகுவோர் கடைக்காரர் கூறும் விரைவைக் கேட்குமுன், தம்மிடமுள்ள அட்டையைக் கையிலெடுத்துச் செல்வாராக. பூட்டைப் பாராது திறவுகோல் அடிப்பவன் நம் ஊரினன் அல்லன்.