பலகையைத் திட்டாதீங்க, காலைப் பழக்குங்க

ஸ்னோபோர்டு வாங்கப் போகிறவர்களிடம் ஆளாளுக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "ஸ்விட்ச் ஓட்டணுமா, ட்வின் வாங்கு. டைரக்ஷனல் வாங்கினா ஸ்விட்ச்சை மறந்துடு." இதில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி.

ஸ்விட்ச் என்றால்? பனிச்சறுக்குப் பலகையில் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. பழகிய காலைப் பின்னுக்கு அனுப்பி, மற்ற காலை முன்வைத்து ஓட்டுவது ஸ்விட்ச். 2008-ல் கெவின் பீட்டர்சன் நியூஸிலாந்துக்கு எதிராகத் திடீரென்று இடது கை ஆட்டக்காரராக மாறி சிக்ஸர் அடித்தாரே, கிட்டத்தட்ட அந்தச் சமாச்சாரம்தான்.

ட்வின் பலகையில் மூக்கும் வாலும் அச்சு அசல் ஒன்று. வளைவு, விறைப்பு எல்லாம் சமம், நிற்கும் இடம் நட்ட நடுவில். டைரக்ஷனலில் மூக்கு நீளம், வால் குட்டை, பெரும்பாலும் வால் கூடுதல் விறைப்பு. நிற்கும் இடமும் சற்றுப் பின்னால். ஆழமான புதுப்பனியில் மூக்கு மேலே மிதப்பது இதனால்தான். அதையே அங்கே திருப்பி ஓட்டினால் குட்டை வால் முன்னால் போய்ப் பனியில் குத்தும். அந்த அறிவுரையின் உண்மையான பாதி இது.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்தர் லெடெட்ஸ்கா தங்கம் வென்ற பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் முழுக்க வேகப் பந்தயம். பலகை ஒரே திசைக்கானது, ஸ்விட்ச்சுக்கு அங்கே வேலையே இல்லை. அதே ஒலிம்பிக்கின் ஸ்லோப்ஸ்டைலில் ஸ்விட்ச்சில் கிளம்பும் தாவல்களுக்குத் தனி மதிப்பு. அங்கே ட்வின்தான் ராஜா.

சாதாரண ஆட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். சீர்படுத்திய சரிவில், மிதமான வேகத்தில், டைரக்ஷனலிலும் தாராளமாக ஸ்விட்ச் போகலாம். அங்கே தடையாக இருப்பது பலகை இல்லை, உடம்பு. எந்தத் தோளுக்கு மேல் பார்ப்பது, எந்தக் காலில் எடை போடுவது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பாதமும் முன்னோக்கியே திரும்பியிருந்தால் இன்னும் கஷ்டம். பைண்டிங்கைக் கழற்றி முன்கால் +15, பின்கால் -15 டிகிரி என்று வைத்துப் பாருங்கள். செலவு ஒரு ஸ்குரூடிரைவர்!

இது வெறும் வித்தை காட்டுகிற விஷயமும் இல்லை. வேகத்தில் பலகை திடீரென்று திரும்பிவிட்டால், ஸ்விட்ச் தெரிந்தவர் அப்படியே ஓட்டிப் போய்விடுவார். தெரியாதவர் விழுவார். அடி பலமாகவும் இருக்கலாம்.

வணிகவியல் மாணவனாக என் கணக்கு இதுதான். தாவல்தான் உயிர் என்றால் ட்வின். புதுப்பனிதான் என்றால் டைரக்ஷனல். இரண்டும் வேண்டுமென்றால் டைரக்ஷனல் ட்வின்: முனைகள் ஒரே வடிவம், நிற்கும் இடமோ விறைப்போ மட்டும் கொஞ்சம் மாறும். காசு போடுமுன் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ட்வின் பலகை கடையில் கிடைக்கும். ட்வின் கால் எந்தக் கடையிலும் கிடையாது.