கப்ஸ் கோயில் எதிரே ஒரு மாயப்பெண்

புதுச்சேரி துய்மா வீதியில், ஊரார் கப்ஸ் கோயில் என்றழைக்கும் ஆலயத்துக்கு எதிரே, ழான் தார்க் வெள்ளைப் பளிங்கில் நிற்கிறாள். பாடப்புத்தகத்தின் ஜோன் ஆஃப் ஆர்க் இவள்தான். 1431-இல் ரூவான் நகரில் எரிக்கப்பட்டபோது வயது ஏறக்குறைய 19.

இந்த ழானுக்கு ஜப்பானில் ஒரு மறுபிறவி உண்டு. அரினா தானேமுராவின் 'காமிகாசே கைத்தோ ஜான்' படக்கதை 1998-இல் தொடங்கியது. மறு ஆண்டே அனிமே தொடரானது. முற்பிறவியில் ழானாக இருந்த பள்ளி மாணவி மரோன், ஓவியங்களில் ஒளிந்திருக்கும் பேய்களைப் பிடிக்க உருமாறுகிறாள்.

இதுபோன்ற மாயச்சிறுமித் தொடர்களின் ஈர்ப்பு அந்த உருமாற்றத்தில்தான் இருக்கிறது. 1992-இல் ஒளிபரப்பான 'செய்லர் மூன்' நாயகி உசாகிக்கு 14 வயது. அழுமூஞ்சி, தூங்குமூஞ்சி, தேர்வென்றால் நடுக்கம். உலகைக் காக்கும் அழைப்பு அவளுக்குத்தான் வருகிறது.

ழான் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, ஆண் உடை அணிந்தது. உசாகியோ ரிப்பனும் குட்டைப் பாவாடையுமாகவே போருக்குப் போகிறாள். தோழிகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வீரத்துக்காக அவள் தன் பெண்மையில் எதையும் கழற்றி வைக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பது அதனால்தான்.

நம் வீடுகளில் தமிழ் பேசும் 'சோட்டா பீம்', 'டோரேமான்' இரண்டிலும் கதையின் நடுவே நிற்பவன் பையன். அவற்றில் வரும் சிறுமிகள் சுட்கியும் ஷிசுகாவும் ஓரத்தில். உசாகி போன்றவர்களும் நல்ல தமிழில் அன்றாடம் நம் கூடத்துக்கு வரவேண்டும். கடற்கரைக்குப் போகும் வழியில் ழானை அண்ணாந்து பார்க்கும் சிறுமிக்கு, அந்தச் சிலையிடம் கேட்க அப்போது நிறையக் கேள்விகள் இருக்கும்.