விம்பிள்டன் ஜோஸ்யம்

வருஷந்தோறும் ஜூன் மாதக் கடைசியில் லண்டன் மாநகரின் விம்பிள்டனில் டென்னிஸ் பந்தயங்கள் நெருங்கியதும், இன்னார் ஜயிப்பார், இன்னார் தோற்பார் என்று ஜோஸ்யம் கூறுவோர் கூட்டமும் கிளம்பிவிடுகிறது. பழைய பந்தயங்களின் கணக்கைக் கூட்டிக் கழித்து, நூற்றுக்கு இத்தனை பங்கு வெற்றி இவருக்கே என்று இயந்திரங்களைக் கொண்டே இப்போது கணித்துவிடுகிறார்கள். கணக்கின்மீது நமக்கு விரோதமில்லை. ஆயினும், அக்கணக்கு எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விட்டுவிடுகிறது என்று விசாரியாமல் அதன் தீர்ப்பை ஒப்புக்கொள்வது விவேகமாகாது. இதற்குத் தக்க திருஷ்டாந்தம் 1975-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி அங்கே நடந்த ஆடவர் இறுதிப் பந்தயம். ஐம்பது வருஷங்களுக்கு முந்திய விஷயமேயாயினும், தம்மினும் வலியவரை எதிர்த்து நிற்க வேண்டியவர்கள் இன்றும் மறக்கலாகாத பந்தயம் அது.

அன்று எதிரெதிரே நின்ற இருவரும் அமெரிக்கர். இருவரும் டென்னிஸையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒருவர் ஜிம்மி கானர்ஸ், வயது 22, முந்திய வருஷத்து வெற்றிவீரர். மற்றவர் ஆர்தர் ஆஷ். 32 வயது நிறைவதற்கு ஐந்து நாட்களே பாக்கியிருந்தன. ஆஷ் என்ற பெயரைக் கேட்டதும் 1911-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட திருநெல்வேலிக் கலெக்டரின் ஞாபகம் நம்மவர்க்கு வருவது இயல்பு. இந்த ஆஷோ அதிகார வர்க்கத்தவர் அல்லர். வெள்ளையருக்கு ஒரு மைதானம், கறுப்பருக்கு ஒரு மைதானம் என்று பிரித்து வைத்திருந்த வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில், கறுப்பருக்கென ஒதுக்கிய மைதானத்தைப் பராமரித்து வந்தவரின் மகன்.

ஜோஸ்யம் கூறியவர்கள் அநேகமாக ஒரே குரலாகக் கானர்ஸ் பக்கமே நின்றார்கள். அவர்கள் காட்டிய சாட்சியங்களும் லேசானவை அல்ல. முதலாவது, 1974-ல் உலகத்தின் நான்கு பெரிய பந்தயங்களில் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய மூன்றையும் அவர் வென்றிருந்தார். நான்காவதான பிரெஞ்சுப் பந்தயத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவேயில்லை. இரண்டாவது, 1975 விம்பிள்டனில் இறுதிப் பந்தயம் வரையில் ஒரு ஸெட்டைக்கூட அவர் இழக்கவில்லை; அரை இறுதியில், இடிபோல் ஸர்வீஸ் செய்வதில் பெயர் பெற்ற ராஸ்கோ டானரை 6–4, 6–1, 6–4 என்று வீழ்த்தியிருந்தார். மூன்றாவது, கானர்ஸும் ஆஷும் அதற்கு முன் மூன்று முறை மோதியிருந்தார்கள். மூன்றிலும் வெற்றி கானர்ஸுக்கே. ஆஷோ தர வரிசையில் ஆறாமவர். அரை இறுதியில் டோனி ரோச்சை வெல்ல ஐந்து ஸெட்டுகள் பாடுபட்டவர். 1974 இறுதிப் பந்தயத்தில் 39 வயதுள்ள கென் ரோஸ்வாலைக் கானர்ஸ் 6–1, 6–1, 6–4 என்று சிதற அடித்ததை யாரும் மறந்திருக்கவில்லை. ஆஷின் கதியும் அதுவே என்று எண்ணியவர்கள் பலர்.

நடந்தது என்ன? முதல் இரண்டு ஸெட்டுகள் 6–1, 6–1 என்றே முடிந்தன. ஆனால் அவ்விரண்டையும் எடுத்தவர் ஆஷ். மூன்றாவதைக் கானர்ஸ் 7–5 என்று மீட்டார். நான்காவதை ஆஷ் 6–4 என்று வென்று, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் கறுப்பு ஆடவர் ஆனார்.

நியாயஸ்தலத்தில் உண்மையே பேசும் சாட்சியை நம்பியும் கட்சிக்காரர் வழக்கில் தோற்பதுண்டு. சாட்சி சொன்னது மெய்யே. ஆனால் வழக்கு வேறு கேள்வியைப் பற்றியதாயிருக்கும். விம்பிள்டன் ஜோஸ்யர்களின் சாட்சியங்களையும் குறுக்கு விசாரணை செய்து பார்ப்போம். டானர் எப்படி ஆடித் தோற்றார்? பலமாக அடித்துத் தோற்றார். ஆஷ் முந்திய மூன்று பந்தயங்களிலும் எப்படி ஆடினார்? வேகமான ஸர்வீஸும் பலமான அடியுமே அவருடைய சுபாவமான ஆட்டம். அவ்விதம் ஆடியே தோற்றார். ஆகவே இச்சாட்சியங்கள் ருசுப்படுத்தியது ஒன்றே ஒன்றுதான்: வேகத்தை வேகத்தால் எதிர்ப்பவர் கானர்ஸிடம் தோற்பார். வேகத்தையே கொடாதவர் எதிரே நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றில் பதிலில்லை. அக்கேள்வியை ஜோஸ்யர்கள் கேட்கவுமில்லை.

கானர்ஸின் பலம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பந்து தரையிலிருந்து எழும்பும்போதே அதைச் சந்தித்து, எதிராளி கொடுத்த வேகத்தையே தம் மூலதனமாக்கி, வட்டியும் முதலுமாகத் திருப்பி அனுப்புவது அவர் முறை. எதிராளி எவ்வளவு பலமாக அடிக்கிறாரோ அவ்வளவு பலம் அவருக்கு. இதை ஆஷ் முந்திய இரவில் நண்பர்களுடன் கலந்து ஆலோசித்து, தமது பழைய ஆட்டத்தை ஒதுக்கி வைப்பதென்று தீர்மானித்தார். மறுநாள் வேகமில்லாத பந்துகளைத் தாழ்வாகக் கானர்ஸின் முன்கைப் பக்கம் தள்ளினார். தாழ்ந்து வரும் மெதுவான பந்தைத் தாமே வேகம் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்ததால், கானர்ஸின் அடிகள் வலையிலும் கோட்டுக்கு அப்பாலும் விழுந்தன. கானர்ஸ் இடக்கைக்காரர், பின்கை அடியை இரு கைகளாலும் பிடித்து அடிப்பவர். இரு கைகளால் பிடிப்பவருக்கு எட்டும் தூரம் குறைவு. எனவே ஸர்வீஸை வளைத்து அந்தப் பக்கமாகவே வெகுதூரம் விலக்கிப் போட்டார் ஆஷ். கானர்ஸ் வலையை நெருங்கினால் பந்தை அவர் தலைக்கு மேலாக உயர்த்தி அனுப்பினார். கடன் கொடுப்பார் இல்லாத வியாபாரிபோல் ஆகிவிட்டது கானர்ஸின் நிலைமை.

யுக்தியைக் கண்டுபிடிப்பது ஒன்று; அதில் உறுதியாய் நிற்பது வேறொன்று. மூன்றாவது ஸெட்டை இழந்து, நான்காவதில் ஆஷ் 0–3 என்று பின்தங்கியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. அந்த நிமிஷத்தில் பழைய ஆயுதத்தை மீண்டும் கையில் எடுக்கும் ஆசை எவருக்கும் உண்டாகும். ஆஷ் அவ்வாசைக்கு இடங்கொடுக்கவில்லை. ஆட்டங்களுக்கு நடுவே நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்து மனத்தை ஒருநிலைப்படுத்தினார். அதே யுக்தியோடு எழுந்து சென்றார். அதன்பின் நடந்த ஏழு ஆட்டங்களில் ஆறு அவருக்கே கிடைத்தன.

கானர்ஸுக்குக் காலில் காயம் இருந்தது என்று பின்னர் சொல்லப்பட்டது. அது தோல்விக்கு ஓரளவு காரணமாயிருக்கலாம். ஆயினும் அதே காலோடுதான் அவர் அரை இறுதியில் டானரைத் துவம்சம் செய்தார் என்பதையும் சேர்த்தே சீர்தூக்க வேண்டும்.

பந்தயத்துக்கு வெளியேயும் ஒரு வழக்கு இருந்தது. தொழில் ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கு அப்போது ஆஷ் தலைவர்; கானர்ஸ் அதில் சேராதவர். டேவிஸ் கோப்பைக்காக ஸ்வதேசத்தின் சார்பில் ஆட மறுப்பது தேசாபிமானம் ஆகாதென்று கானர்ஸைப் பற்றி ஆஷ் எழுதியிருந்தார். அதற்காக அவர்மீது கானர்ஸ் அவதூறு வழக்குத் தொடர்ந்திருந்தார். ஆஷ் பதிலுக்குக் கூச்சலிடவில்லை. தமது தேசத்தின் பெயர் மார்பில் பொறித்த டேவிஸ் கோப்பை அங்கியை அணிந்து இறுதிப் பந்தயத்துக்கு வந்தார். வழக்கு பின்னர் வாபஸாயிற்று. சொந்த ஊரில் தம்மை எல்லா மைதானங்களிலும் ஆடவிடாத தேசத்துக்காக அவர் அப்படி நின்றார் என்பதைத் தேசபக்தர்கள் சிந்திக்க வேண்டும்.

முன்னே சொன்ன மூன்று தோல்விகளில் இரண்டு, 1973-லும் 1974-லும் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்கில் நேர்ந்தவை. நிறவெறி அரசாங்கம் அதற்குமுன் அவருக்கு அநுமதிச் சீட்டு மறுத்திருந்தது; 1973-ல் கிடைத்ததும், உள்ளே சென்று பார்ப்பதும் பேசுவதுமே நல்லதென்று அவர் சென்றார். நம் தேசம் வேறு வழியை மேற்கொண்டது. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற இந்தியக் கோஷ்டி 1974-ல் டேவிஸ் கோப்பையின் இறுதிக்கு வந்தது. எதிரே நின்றது தென்னாப்பிரிக்கா. ஆடமாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. கைக்கு எட்டியதை விட்டுவிட்டோமே என்று வருந்தியவர்களும் உண்டு. நமது அபிப்பிராயத்தில் அது தோல்வியன்று. நம்மோடு ஆடினால்தான் அந்த அரசாங்கத்துக்கு உலகத்தின் முன் மரியாதை. அந்த மரியாதையை நாம் கொடுக்க மறுத்தோம்.

வலியவனுடைய பலத்தில் எவ்வளவு பங்கு அவனுடையது, எவ்வளவு பங்கு நாம் கொடுப்பது என்ற கேள்வியே இவ்விரண்டு சம்பவங்களிலும் அடங்கியிருக்கிறது. 1920-ல் மகாத்மா காந்தி தேசத்தின் முன் வைத்த கேள்வியும் இதுவே. பீரங்கிகளையும் கப்பல்களையும் எண்ணிப் பார்த்த அறிவாளிகள், ஏகாதிபத்தியத்தை அசைக்க முடியாது என்று அன்று ஜோஸ்யம் கூறினார்கள். அவர்களுடைய எண்ணிக்கையில் பிழையில்லை. நமது சம்மதமும் உழைப்பும் அப்பலத்தின் பாதியாயிருந்ததை மட்டும் அவர்கள் எண்ணவில்லை.

ஆகவே பந்தயத்திலாயினும் ராஜீய விஷயத்திலாயினும் ஜோஸ்யம் கூற விரும்புவோர், யார் பலசாலி என்று கேட்பதோடு நில்லாமல், அப்பலத்துக்கு ஊற்று எது, அதை எதிராளியால் அடைக்க முடியுமா, 0–3 என்று பின்தங்கும் வேளையிலும் அவன் மனம் மாறாமல் நிற்பானா என்றும் கேட்பார்களாக. கடைசிக் கேள்விக்கு எந்தக் கணக்கும் பதில் சொல்லாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆடுகிறவரே.