மானியம் உண்டு, மனுப்போட ஆள் எங்கே?

மணிமங்கலத்தில் ஒற்றை அறையின் வாடகையை இன்று தீர்மானிப்பது ஒரகடம் ஆலைகளின் ஷிப்ட் நேரம். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த களம் என்று வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பிடித்த ஊர் இது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஏரிப் பாசன வயல்கள் மனைகளாயின. மனைகளில் லைன் வீடுகள் எழுந்தன. சிமெண்ட் ஷீட் கூரை, பொதுக் கழிப்பறை, ஆளுக்கு ஒரு பாய். பகல் ஷிப்ட்காரர் எழுந்துபோன பாயில் இரவு ஷிப்ட்காரர் வந்து படுப்பதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998இல். ஒரகடத்துக்கு 2010இல் ரெனோ–நிசான் வந்தது. டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு ஆலைக்கும் மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் நிலம் கொடுத்தது, சாலை போட்டது, மின்சாரமும் தண்ணீரும் கொண்டுவந்தது. ஆலைக்குள் வேலை பார்க்கப்போகிறவர் ராத்திரி எங்கே படுப்பார் என்ற கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் யாரும் கோப்பு திறக்கவில்லை. அதைச் சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்களும் மேன்பவர் ஏஜென்சிகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் 2021 டிசம்பரில் உலகத்துக்கே தெரிந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐஃபோன் தயாரிக்கும் ஆலைக்குத் தேவையான தரம், அதைச் செய்யும் பெண்ணின் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் தேவைப்படும் என்பது ஐஃபோன் நிறுவனத்தின் கலிஃபோர்னியாத் தலைமையகத்துக்கே அப்போதுதான் உறைத்தது.

இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வல்லம் வடகாலில் பதில் ஒன்று நிற்கிறது. 20 ஏக்கரில் 13 கட்டடங்கள், 18,720 படுக்கைகள், செலவு 706.50 கோடி ரூபாய். சிப்காட் கட்டிய இந்தக் குடியிருப்பை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2024 ஆகஸ்ட் 17 அன்று ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ முன்னிலையில் திறந்து வைத்தார். இது ஒன்றிய அரசின் பணமா, மாநில அரசின் பணமா என்று அரசியல் சண்டையும் மூண்டது. சண்டைக்காரர்கள் இருவருமே கணக்கை முழுசாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மணிமங்கலத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

அந்தக் கணக்கு இதுதான். ஒரு படுக்கைக்கு ஆன செலவு சுமார் 3.77 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசு 2020இல் கொண்டுவந்த குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகத் திட்டம் கூட்டுத் தங்குமிடத்தின் ஒரு படுக்கைக்குத் தந்த மானியம் 20,000 ரூபாய். அந்த விகிதத்தில் 18,720 படுக்கைக்கு 37.44 கோடி, அதாவது மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். மீதியில் பெரும்பகுதி பாரத ஸ்டேட் வங்கியின் கடன். மானியம் சிறியது, கடனே பெரியது. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி முதலில் பார்ப்பது, நிலம் யாருடையது, வாடகை தவறாமல் வருமா என்பவற்றைத்தான். வல்லத்தில் நிலம் சிப்காட்டுடையது. படுக்கைகளை மொத்தமாக எடுக்க ஒரு பெரிய நிறுவனம் தயாராக இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் கோப்பு நகர்ந்தது.

மணிமங்கலம், படப்பை, சேர்ப்பணஞ்சேரி பக்கம் தங்குகிறவர்கள் பெரும்பாலும் ஃபாக்ஸ்கான் ஆட்கள் அல்ல. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூறு பேர், இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகளின் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். தருமபுரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அந்தச் சிறு கம்பெனி எதுவும் தனியாகக் குடியிருப்பு கட்டாது, கட்டவும் முடியாது. இவர்களுக்காக மானிய மனுவில் கையெழுத்துப் போடப்போவது யார்? இன்றைய நிலையில் யாருமில்லை.

விதிகளைப் புரட்டினால் கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டுத் திட்டத்தில் குறைந்தது 40 வீடுகளோ அதற்கு ஈடான படுக்கைகளோ போதும் என்றிருந்தது. 25 ஆண்டு வாடகைக்கு நடத்த வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0 அதையே வாடகை வீட்டுப் பிரிவாக எடுத்துக்கொண்டு மானியத்தை உயர்த்தியிருக்கிறது. சதுர மீட்டருக்கு ஒன்றிய அரசு 3,000 ரூபாய், மாநில அரசு 2,000 ரூபாய். பத்து சதுர மீட்டர் கணக்கில் ஒரு படுக்கைக்கு 50,000 ரூபாய் ஆகிறது. பெயரில் 'நகர்ப்புறம்' என்றிருப்பதைப் பார்த்து, ஊராட்சிப் பகுதிக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கிவிடுகிற வழக்கம் உண்டு. அது சரியல்ல. அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிகளும் தொழில் வளர்ச்சி ஆணையங்களின் எல்லைகளும் இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. சென்னைப் பெருநகர்ப் பகுதியையே 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் அதற்குள் வந்த பிறகும் கிராமம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது நியாயமில்லை.

கிராமத்துக்கென்றே உள்ள திட்டங்கள் இவர்களைத் தொடவே தொடாது. கலைஞர் கனவு இல்லம் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. நல்ல திட்டம். ஆனால் சொந்த மனையும் பட்டாவும் உள்ள குடிசைவாசிக்கானது. அரூரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு மூன்று வருடக் காண்ட்ராக்டில் வந்த பையனுக்கு மணிமங்கலத்தில் பட்டா எங்கிருந்து வரும்? அவனுக்கு வேண்டியது வீடு அல்ல. மாதம் பிறந்தால் சம்பளத்தில் பாதியை விழுங்காத ஒரு படுக்கை, கதவு போட்ட குளியலறை, எட்டி நடந்தால் கம்பெனி பஸ் நிற்கும் இடம்.

பணம் ஒதுக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதே 2020 திட்டத்தின் இன்னொரு பாதியைப் பார்க்கலாம். ஜவகர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் கட்டிப் பூட்டிக் கிடந்த வீடுகளை வாடகைக்கு மாற்றுவதுதான் அதன் முதல் வழி. நாடு முழுக்க 83,534 வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றில் வாடகை வீடாக மாறியவை 5,648. அதிலும் 2,195 சண்டிகரில் மட்டும். கட்டடம் இருந்தது, திட்டம் இருந்தது, பொறுப்பெடுத்து நடத்த அமைப்பு இல்லை. அமைப்பு இருந்த இடத்தில் மட்டும் குடி வந்தது.

ஆகவே இந்தத் தலையங்கம் கேட்பது ஒன்றே: விண்ணப்பதாரராக அரசே முன்வர வேண்டும். குடியிருப்புகள் கட்டவென்று சிப்காட் ஏற்கெனவே தனி நிறுவனம் வைத்திருக்கிறது. பல கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கும் பொதுவான குடியிருப்புகளை, இருநூறு முதல் ஐந்நூறு படுக்கை அளவில், அந்த நிறுவனமே மணிமங்கலம், படப்பை, ஒரகடம் பக்கம் கட்ட வேண்டும். திட்ட அறிக்கை தயாரிப்பதும், மாநில அளவிலான குழுவின் வழியாக டெல்லிக்கு அனுப்புவதும், கடனுக்கு வங்கியோடு பேசுவதும் ஒரு ஊராட்சித் தலைவராலோ சிறு கம்பெனி முதலாளியாலோ ஆகிற காரியமல்ல. 'ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி' என்ற கதையாக ஊராட்சியின் தலையில் இதைக் கட்டிவிடவும் கூடாது. பணத்துக்கு மாநிலத்தின் கையிலேயே தமிழ்நாடு உறைவிட நிதியம் இருக்கிறது. தொழிலாளர் கூட்டுத் தங்குமிடங்களைத் தனியார் பங்களிப்போடும் வாடகையால் ஈடாகாத செலவுக்கு அரசு தரும் இடைவெளி நிதியோடும் கட்டலாம் என்று 2024 ஜூலை ஒன்றிய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

நிலத்தில்தான் எச்சரிக்கை தேவை. ஏழைக்கு வீடு என்றதும் அதிகாரிகளின் கண் ஏரிப் புறம்போக்கின் மேல் போவது பழக்கமாகிவிட்டது. மணிமங்கலம் ஏரி நிரம்பினால் உபரிநீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஏரியின் நீர்ப்பிடிப்பில் படுக்கை போட்டால், மழைக்காலத்தில் படகு விட்டுத் தொழிலாளியை மீட்க வேண்டியிருக்கும். சிப்காட் தொழிற்பூங்காக்களுக்குள்ளேயே மேட்டுநிலம் ஒதுக்குவதே முறை.

தொழிலதிபர்கள் லாபம் பார்க்கிறார்கள், அவர்களே கட்டட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. பாதி நியாயம். பெரிய ஆலைகள் பங்கு போடத்தான் வேண்டும்; ஒப்பந்தத்திலேயே அதை எழுதலாம். ஆனால் கட்டடம் முழுக்கக் கம்பெனியின் கையில் இருந்தால் வேலை போன அன்றே படுக்கையும் போகும். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அப்படியொரு போராட்டத்தில் நிற்பவர் ராத்திரி நிர்வாகத்தின் கட்டிலில் படுக்க வேண்டியிருந்தால் எத்தனை நாள் நிற்பார்? அதனால் குறைந்தது பாதிப் படுக்கைகளைத் தொழிலாளி தன் பெயரிலேயே, மாத வாடகைக்கு, ஏஜென்சியின் தயவில்லாமல் எடுக்க வழி வைக்க வேண்டும்.

பக்கத்து மாநிலத்தில் சிறிய அளவிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். பாலக்காடு கஞ்சிக்கோட்டில் கேரள அரசின் பவனம் அறக்கட்டளை, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 'அப்னா கர்' என்ற 620 படுக்கை விடுதியை 2019இல் திறந்தது. இடம், தொழிற்பூங்காவுக்குள். மணிமங்கலத்துக்குப் பொருந்துகிற அளவு அதுதான். பத்து மாடி வளாகம் ஊருக்கு ஊர் தேவையில்லை.

நெரிசலைப் பற்றி சிங்கப்பூரிடம் கேட்கலாம். 2020 ஏப்ரலில் அங்குள்ள தொழிலாளர் விடுதிகளில் கொரோனா காட்டுத்தீயாய்ப் பரவியபோது, பூட்டிய அறைகளுக்குள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த அரசு புதிய விடுதிகளுக்கு வரம்பு வைத்தது: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் தனியார் விடுதிகளுக்கும் லைன் வீடுகளுக்கும் இப்படியொரு அளவை நிர்ணயித்துப் பரிசோதிப்பது இன்றே தொடங்கக்கூடிய வேலை. அதற்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டியதில்லை.

புதிய வீட்டுவசதித் திட்டத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். கடிகாரம் 2024 செப்டம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மாவட்ட ஆட்சியர், சிப்காட், தொழிலாளர் துறை மூவரும் உட்கார்ந்து மணிமங்கலம் வட்டாரத்துக்கு இடம் குறித்து, முதல் திட்ட அறிக்கையை இந்த நிதியாண்டுக்குள் அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையில் எத்தனை படுக்கை, என்ன வாடகை, யார் பெயரில் ஒதுக்கீடு என்ற மூன்று விவரத்தையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.