டிக்ரி கையிலே, கூலி எங்கே?

நாகலூர் காப்பித் தோட்டத்திலே பழம் பறிக்கும் ஒரு பெண்ணுக்கு நிலுவைக் கூலியைக் கொடுக்கும்படி தீர்ப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மலையிறங்கிச் சேலத்துக்கு அலைந்து, நாள் கூலியை இழந்து பெற்ற தீர்ப்பு! அதைக் காட்டினால் கடைக்காரர் பருப்பு அளந்து கொடுப்பாரா?

தீர்ப்பு பாதி வழிதான், தோழர்களே. மீதி வழியிலேதான் ஏழை மடக்கப்படுகிறான்.

இது நாம் மட்டும் சொல்லும் குற்றச்சாட்டல்ல. தமிழகத்திலே 1986-ல் தொடுத்த ஒரு நில வழக்கு, டிக்ரி ஆன பின்பும் இழுபட்டு, 2025 மார்ச் 6-ல்தான் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. நாடெங்கும் தேங்கிய நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க அன்று உத்தரவாயிற்று. அக்டோபரில் கணக்கு வந்தது: இன்னும் 8,82,578 மனுக்கள் தேக்கம்! தமிழ்நாட்டில் மட்டும் 86,000-க்கு மேல்!

காரணம் என்ன? ஜெயித்தவனே எதிரியின் சொத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பேட்டா கட்ட வேண்டும். அமீனாவுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பணக்காரன் சொத்தை மைத்துனன் பேருக்கு மாற்றுகிறான்; மூன்றாம் ஆளை விட்டு ஆட்சேபணை போடுகிறான்; அப்பீல், ஸ்டே என்று காலத்தை விழுங்குகிறான். தாமதம் யாருக்கு லாபம்? பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தானே!

"டிக்ரி வேகமாக நிறைவேறினால், வட்டிக்காரனின் ஜப்தியும் வேகமாக வருமே" என்று ஒரு விவசாயத் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவேதான் இருக்கும் பாதுகாப்புகளை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி உழைப்பாளியின் கூலி, குடியிருக்கும் வீடு, சமையல் பாத்திரம், உடுதுணி, தொழில் கருவி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது. கொடுக்க வழியில்லாதவனைக் கடனுக்காகச் சிறையிலடைப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். 1957-ல் இ.எம்.எஸ். மந்திரிசபையில் இருந்தவர் அவர். இந்த வேலியில் ஒரு முள்ளைக்கூடப் பிடுங்க விடக் கூடாது.

கைவிரிக்கும் ஏழை வேறு. இருந்தும் கொடுக்காத முதலாளி வேறு. சீர்திருத்தம் இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்:

பண டிக்ரி ஆன அன்றே, வசதியுள்ள எதிரி தன் சொத்துப் பட்டியலைப் பிரமாணத்துடன் கொடுக்க வேண்டும். இதைக் கேட்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு இன்றும் உண்டு. அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கூலி, ஜீவனாம்ச டிக்ரிகளை நிறைவேற்றும் செலவையும் பொறுப்பையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.

தொழிலாளர் நிலுவையைக் கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கி போல் வசூலிக்கும் வழி பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது; 2025 நவம்பர் 21-ல் அமலான தொழில் உறவுக் கோவையிலும் இருக்கிறது. அதற்குக் கண்டிப்பான காலக்கெடு வேண்டும்.

அமீனாக்களின் காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

சங்கங்கள் ஒரு வேலையை உடனே தொடங்கலாம். மில்லிலும் தோட்டத்திலும் யார் யார் பெட்டியில் நிறைவேறாத தீர்ப்பு கிடக்கிறதென்று கணக்கெடுங்கள். தனித்தனியாகக் கிடந்தால் அது காகிதம். ஒன்றாய்த் திரட்டிக் கலெக்டர் வாசலுக்குக் கொண்டுபோனால் அது கோரிக்கை!