வீராங்கனைகளின் மனோபலம்

பெண்களுக்கு மல்யுத்தமும் முஷ்டியுத்தமும் கற்பித்துவிட்டால் அச்சம் அகன்று நெஞ்சுறுதி தானே வந்து சேரும் என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஹரியானாக் கிராமங்களில் ஆண்களே கூடியிருந்த கோதாக்களில், ஊராரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாது பெண்களை இறக்கிய பெரியோர்கள் இருந்தார்கள். அந்நாட்டிலிருந்து புறப்பட்டு 2016-ம் வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற ஸாக்ஷி மாலிக் இதற்குப் பெயருக்கேற்ற சாட்சி. ஆனால் தேகம் உரம் பெற்றால் மனமும் கூடவே இரும்பாகிவிடும் என்று எண்ணி, அதைக் கவனியாது விடுவது பெரும் பிழையென்பது நமது அபிப்பிராயம்.

2021-ம் வருஷம் டோக்கியோவில் 53 கிலோ பிரிவில் முதல் ஸ்தானத்துக்கு உரியவராக மதிக்கப்பட்டுச் சென்ற ஸ்ரீமதி வினேஷ் போகாட் கால் இறுதிப் பந்தயத்தில் தோற்றார். திரும்பி வந்தவரை மல்யுத்த சம்மேளனம் ஒழுங்கீனக் குற்றம் சாட்டித் தாற்காலிகமாக விலக்கி வைத்தது. தம் மனம் நொறுங்கிக் கிடப்பதை அவர் பத்திரிகையில் பகிரங்கமாகவே எழுதினார். மனநிலை சரியில்லையென்று அதே ஒலிம்பிக்கில் சில பந்தயங்களிலிருந்து விலகிய அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸைக் கொண்டாடுகிற நாம், இந்நாட்டுப் பெண் அவ்விதம் சொன்னால் பொறுப்போமா என்பது அவருடைய வினா. விலக்கு உத்தரவே அதற்கு விடையாக முன்னமே வந்திருந்தது.

பிறகு 2023 ஜனவரியில், டில்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் வீதியில் அமர்ந்து, சம்மேளனத் தலைவர்மீது பாலியல் தொந்தரவுப் புகார் கூறினார்கள். அவர் மறுத்தார். குற்றம் உண்டா, இல்லையா என்று தீர்ப்பளிப்பது நியாயஸ்தலத்தின் வேலை, பத்திரிகையின் வேலையன்று. ஆனால் ஒன்று விவாதத்துக்கு இடமற்றது. பெண்களின் புகாரை விசாரிக்க வேலை ஸ்தலங்களில் உட்குழு அமைக்கவேண்டுமென்று 2013-ம் வருஷத்துச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பத்து ஆண்டு சென்றும் மல்யுத்த சம்மேளனத்தில் முறைப்படி அமைந்த குழு இல்லையென்று சர்க்காரின் விளையாட்டு இலாகாவே 2023 ஏப்ரலில் தெரிவித்தது. எதிரியின் முதுகை மண்ணில் படவைக்கத் தெரிந்த பெண், தன் பெயரைச் சேர்க்கவும் அடிக்கவும் அதிகாரம் படைத்த காரியஸ்தர்களை என்ன பிடி போட்டு எதிர்ப்பாள்? அதை எந்தக் கோதாவில் கற்பிக்கிறார்கள்? புகாரை யாரிடம் கொடுப்பதென்றே தெரியாத இடத்தில் வாய் மூடுகிறது; மூடிய வாய்க்குள் வியாதி வளர்கிறது. அவளுக்குத் தைரியம் போதாதென்று குறை கூறுவது அக்கிரமம்.

அப்புறம் பாரிஸ். 53 கிலோ பிரிவின் இடம் வேறொருவருக்குப் போனதால் ஸ்ரீமதி வினேஷ் 50 கிலோவுக்கு இறங்க நேர்ந்தது. 2024 ஆகஸ்டு 6-ந் தேதி ஒரே தினத்தில் மூன்று பந்தயங்களில் வென்றார். முதலில் வீழ்ந்தவர், அதுவரை அந்நிய நாட்டார் எவரிடமும் தோற்றிராத ஜப்பானிய வீராங்கனை யூயி ஸுஸாகி. மறுநாள் காலை நிறுவையில் 100 கிராம் அதிகம்! இரவு முழுதும் உறங்காமலும், வியர்வை வடியப் பாடுபட்டும், கூந்தலைக் கத்தரித்தும் பார்த்த பயன் இவ்வளவே. விதிப்படி அவருக்குக் கடைசி ஸ்தானம். 14-ந் தேதி விளையாட்டு மத்தியஸ்த நீதிமன்றமும் மனுவைத் தள்ளிவிட்டது.

விதி விதிதான், வக்கீல் தொழில் செய்தவர் என்ற முறையில் நாம் அதனோடு சண்டையிடவில்லை. ஆனால் உலகப் பந்தயத்தில் பெண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகளும் ஒலிம்பிக்கில் ஆறும் இருப்பதால், இடைப்பட்ட எடையுள்ளவர்கள் பட்டினி கிடந்தேனும் கீழே இறங்குகிறார்கள். பல நாள் குறைந்த உணவு, கடைசி நாளில் தண்ணீருமில்லை. இதனால் தூக்கம் கெடுவதும், சிடுசிடுப்பும் சோர்வும் மிகுவதும், மாதவிடாய் தவறுவதும் வைத்தியர்கள் நன்கறிந்த விஷயங்கள். ஆண் பயில்வான்களுக்கும் இந்த உபத்திரவம் உண்டு. ஆயினும் மாதவிடாய் தவறியதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்லக் கூசும் பதினாறு வயதுப் பெண்ணின் நிலைமையை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

மனோதத்துவ நிபுணரை ஒலிம்பிக் கோஷ்டியுடன் கப்பலேற்றுவதுபோல் விமானமேற்றி அனுப்பினால் போதாது. வருஷம் முழுதும் முகாமில் அவர் இருக்கவேண்டும். அவர் சம்மேளனத்தின் சம்பளக்காரராகவும் இருக்கக் கூடாது. தேர்வு செய்பவரின் காதுக்கு எட்டும் இடத்தில் எவளும் மனத்தைத் திறக்கமாட்டாள். விளையாட்டு ஸ்தாபனங்களின் ஆட்சி பற்றி 2025-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியிருக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்கும் அதில் இடமுண்டு. நிபுணரிடம் ஒரு வீராங்கனை அந்தரங்கமாகச் சொன்ன வார்த்தை தேர்வுக் குழுவின் மேஜைக்குப் போகாதென்று எழுத்து மூலமான உறுதி எந்த விதியில் இருக்கிறதென்று நமது அங்கத்தினர்கள் மந்திரியைச் சபையிலேயே கேட்கட்டும்.