கைகொடுப்பது எப்படி?



சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் பரிசு வழங்கச் சென்றிருந்தேன். நீர்மட்டத்தை அறிவிக்கும் மின்மணி செய்திருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடைக்கு வந்து இடக்கையை நீட்டினாள். "வலது கையால் வாங்கம்மா" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. மடங்கிய வலக்கையைத் துப்பட்டாவுக்குள் அவள் மறைத்து வைத்திருந்ததை அதன் பின்னரே கண்டேன். அந்த வெட்கத்தால் நான் படித்தறிந்தவற்றையும், அதனால் எனக்கு ஏற்பட்ட கருத்தையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, குழந்தைப் பருவத்திலோ மூளையின் ஒரு பாதி பழுதுபட்டால், எதிர்ப்பக்கக் கையும் காலும் பலவீனமடையலாம். இது பெருமூளை வாதத்தின் ஒரு வகை. இது தொற்றுநோய் அன்று. அறிவுக் குறைவின் அடையாளமும் அன்று.

பழுது மூளையில்தான். ஆனால் கை முடங்கிப்போக மற்றொரு காரணமும் உண்டு. எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க அறிஞர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்தபோதோ, விட்ட கையை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியது! அப்படியானால் அது முடியாத கை மட்டுமன்று. பயன்படுத்தாமலிருக்கப் பழகிவிட்ட கையும் ஆகும்.

இக்கருத்தைக் கொண்டு அவரும் குழுவினரும் 18 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நல்ல கைக்கு இலேசான கட்டுப் போட்டு, பலவீனமான கைக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் பயிற்சி அளித்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நன்கு முன்னேறினர். 2011-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவினர் இம்முறையையும், இரு கைகளையும் சேர்த்துப் பழக்கும் முறையையும் ஒப்பிட்டனர். இரண்டிலும் 90 மணி நேரப் பயிற்சி. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம்!

இதனால் பழுதுபட்ட மூளை புதிதாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கையின் திறன் வளரும், அவ்வளவே. நல்ல கையை நாமே கட்டிவைத்துப் பார்ப்பதும் தவறு. அது பயிற்சி பெற்ற மருத்துவர்களின் பொறுப்பு.

நமக்குரிய பாடம் வேறு. பலன் தருவது பயிற்சி நேரம். அந்த நேரம் மருத்துவமனையில் மட்டுமா கிடைக்கிறது? பள்ளியிலும் வீட்டிலும் நாள் முழுவதும் கிடைக்கிறது. நாமோ இரக்கத்தால் அதைப் பறித்துவிடுகிறோம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கொடுக்கிறோம். பென்சிலைச் சீவித் தருகிறோம். "தடுமாற விட்டு வேடிக்கை பார்ப்பதா?" என்று நீங்கள் கேட்கலாம். வேடிக்கை பார்க்க வேண்டாம், காத்திருங்கள். அவர்கள் கேட்டால் உதவுங்கள். தேர்வு போன்ற அவசர வேளைகளில் அவர்கள் நல்ல கையையே பயன்படுத்தட்டும்.

இரு கைகளும் சமமாக இயங்க வேண்டும் என்பதில்லை. பாட்டில் மூடியைத் திருகும்போது கவனியுங்கள். ஒரு கை மூடியைச் சுழற்றுகிறது. மறு கை சும்மா பிடித்திருப்பதாகவே தோன்றும். ஆனால் பாட்டிலும் சேர்ந்து சுழலாதபடி, அதற்குச் சமமான எதிர்த் திருப்புத்திறனைத் தருவது அந்தக் கையே. அது இல்லாவிட்டால் மூடி திறக்காது. அளவுகோலை நகராமல் அழுத்துவதும், தாளைப் பிடித்துக்கொள்வதும் இத்தகைய வேலைகளே. பலவீனமான கையை இவ்வேலைகளுக்கு அழைக்கலாம்.

விழா முடிந்ததும் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். மின்கம்பியின் உறையை எப்படி நீக்கினாய் என்றும் கேட்டேன். வலது மணிக்கட்டால் கம்பியை மேசையோடு அழுத்திக்கொண்டு இடக்கையால் உறையைச் சீவியதாகச் சொன்னாள். ஆய்வாளர்கள் பயிற்றுவிப்பதை அவள் தானே கண்டுபிடித்திருந்தாள்!

இடக்கையால் வாங்குவது மரியாதைக் குறைவு என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு தோழனோ தோழியோ இருக்கக்கூடும். அவர்கள் டப்பாவைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகுமானால், அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுங்கள். அதுவே கைகொடுப்பது.